ஐந்து சாக்குத் தோட்டம்: முதல் முறை விதைப்பவர்களுக்கு ஒரு பாடம்

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுவாரம் அந்த அம்மா என் வைத்தியசாலைக்கு வந்தார். வயது 38. பள்ளிப்பட்டுப் பக்கம் நெசவுக் குடும்பம்.

“மலைக்குப் படி ஏற சொல்ல மூச்சு வாங்குது சார். போன வருஷம் நாலு எடத்துல குந்திக் குந்தி ஏறிட்டேன். இந்த வருஷம் பாதியிலயே எறங்கிட்டேன். முருகன் கோவிச்சுக்குவானான்னு மனசு கெடந்து அடிச்சுக்குது...”

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆரோக்கியமாக இருப்பவருக்கே கொஞ்சம் மூச்சு வாங்கும்தான். ஆனால் 38 வயதில் பாதியில் இறங்குவது என்றால் அது முருகன் கோபம் இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. நாக்கும் நகமும் அப்படியே. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 கிராம். கர்ப்பம் தரிக்காத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. சித்த மருத்துவத்தில் இதைப் ‘பாண்டு’ என்று சொல்கிறோம்.

இது அந்த ஒரு அம்மாவின் கதை மட்டும் இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர்! இதைப் படித்துக் கொண்டிருக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

“கீரை சாப்பிடுவீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“எங்க சார்? கீரைக்காரம்மா வர்ற நேரத்துல நான் தறியில இருப்பேன். சாயந்தரம் கடைத்தெருவுக்குப் போனா வாடினதுதான் கெடைக்கும்.”

“வீட்லயே நாலு தொட்டி வெச்சு வளர்க்கலாமே?”

“வெச்சேன் சார். எல்லாம் செத்துப் போச்சு. என் கைராசி அப்படி!”

வாசகர்களே, இந்த ‘கைராசி’ என்ற வார்த்தைக்காகத்தான் இந்தப் பாடத்தையே எழுதுகிறேன். செடி வளர்ப்பதில் கைராசி என்று ஒன்று கிடையாது. புதிதாகத் தோட்டம் போடுபவரின் செடி சாவதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தான். தப்பான மாதம், தாங்க முடியாத அளவு, தேவைக்கு மேல் தண்ணீர். இந்த மூன்றையும் சரி செய்துவிட்டால் யார் கையிலும் கீரை முளைக்கும்.

வைத்தியரே தோற்ற கதை

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், மூன்று தப்பையும் நானே செய்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். மூலிகையை இலையைப் பார்த்தே பெயர் சொல்வேன். ஆனால் செடியை அடையாளம் தெரிவது வேறு, வளர்ப்பது வேறு. இங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்த புதிதில், ஒரு சித்திரை மாதம், மொட்டை மாடியில் 20 தொட்டி வைத்தேன். தக்காளி, முட்டைக்கோஸ், கேரட், குடைமிளகாய்... ஆசைக்கு அளவே இல்லை! தினமும் இரண்டு வேளை குடம் குடமாகத் தண்ணீர்.

திருத்தணி வெயில் தெரியும் அல்லவா? கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெப்பப் பட்டியலில் நம் ஊர் பெயர் அடிக்கடி வரும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் 20 தொட்டியும் காலி. மிச்சம் இருந்தது வெறும் மண்ணும், வீட்டில் என் மனைவியின் கிண்டலும்தான்.

அப்போது மூட்டுவலி வைத்தியத்துக்கு வந்துகொண்டிருந்த தெலுங்கு பேசும் ஒரு பாட்டியம்மாதான் எனக்குப் பாடம் சொன்னார். நகரி பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். “டாக்டரு பாபு, ஆடி பொறக்கட்டும். ரெண்டு சாக்குல தோட்டகூர போடு. அது வந்தா அப்புறம் மீதி” என்றார். தோட்டகூர என்றால் நம் முளைக்கீரை வகைதான். ஆடியில் போட்டேன். 25 நாளில் கீரை கடைந்து சாப்பிட்டோம். என் கைராசி மாறவில்லை. மாதமும் அளவும்தான் மாறின.

முதல் படி: மாதம்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சும்மா சொல்லவில்லை. ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது வெயில் தணிகிறது, அவ்வப்போது மழையும் தலை காட்டுகிறது. வடமாவட்டங்களான நமக்குத் தென்மேற்குப் பருவமழையிலும் ஓரளவு பங்கு உண்டு. ஆடியைத் தவறவிட்டால் தைப் பட்டம் இருக்கிறது. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை விதைக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சின்ன விதைகள் அடித்துக்கொண்டு போய்விடும். சித்திரை, வைகாசியில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஏற்கனவே இருக்கும் செடிகளுக்குப் பச்சை நிழல்வலையோ பழைய வேட்டியோ கட்டி, உயிரோடு காப்பாற்றினால் போதும்.

இரண்டாம் படி: அளவு

ஐந்து சாக்கு. அதற்கு மேல் முதல் வருடம் வேண்டாம். 25 கிலோ அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கை எடுத்து, வாயை வெளிப்பக்கமாக மடித்து, முக்கால் அடி முதல் ஒரு அடி உயரத்துக்கு மண் பிடிக்கும்படி செய்யுங்கள். அடியிலும் பக்கவாட்டிலும் தண்ணீர் வடிய எட்டு, பத்து ஓட்டை போடுங்கள். இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தரை ஈரம் காயும், மாடியும் ஊறாது.

பழைய பக்கெட், உடைந்த குடம் எல்லாமே உதவும். ஆனால் பூச்சி மருந்து டப்பா, ரசாயனம் வந்த கேன், பழைய பெயிண்ட் டின் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் ஒட்டியிருக்கும் விஷம் மண் வழியாகச் சோற்றுத் தட்டுக்கு வந்துவிடும்.

நனைந்த மண் ஒரு சாக்குக்கு 20 கிலோ வரை எடை நிற்கும். மாடியில் வைப்பவர்கள் நடுவில் குவிக்காமல், சுவர் வரும் ஓரங்களில் பரப்பி வையுங்கள். பழைய ஓட்டு வீடு, விரிசல் விட்ட தளம் என்றால் வாசலும் கொல்லையுமே போதும். தினம் ஐந்து மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருக்க வேண்டும்.

மண் கலவை எளிது. செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். சாக்குக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கலந்து, லேசாக நனைத்து, ஒரு வாரம் ஆற விடுங்கள்.

“சாணியை அப்படியே போடலாமா சார்?” என்று கேட்பார்கள். கூடாது. பச்சைச் சாணம் வேரைச் சுடும். அதோடு வயிற்றுப்போக்குக் கிருமிகளும், குடல் புழு முட்டைகளும் கீரைக்கு ஒட்டும். சாண வாசனையே இல்லாமல், கறுப்பாக, உதிரியாக இருந்தால்தான் மக்கிவிட்டது என்று அர்த்தம்.

எந்த ஐந்து?

1. முளைக்கீரை: விதை கடுகை விடப் பொடியானது. ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவுங்கள். மேலே மெல்லிய மண் போர்வை போதும். ஆழமாகப் புதைத்தால் வராது. எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும், சாக்கைச் சுற்றி மஞ்சள்தூள் தூவுங்கள். நான்கைந்து நாளில் முளைக்கும். நெருக்கமாக வந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாதியைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கியதைப் பருப்பில் போடலாம், வீணில்லை. 25 நாளில் மீதி தயார்.

2. புளிச்சகீரை: கோங்கூரா என்றால் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1960ல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது. எல்லை மாறியது, சமையல் மாறவில்லை! வெயிலைத் தாங்கும் கீரை. விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். 40 நாளில் இலை கிள்ளலாம். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விடும். பித்த உடம்புக்காரர்கள் அளவோடு சாப்பிடுங்கள்.

3. பொன்னாங்கண்ணி: விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கீரையை ஆய்ந்த பிறகு, முற்றிய தண்டுகளை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஈரம் பிடிக்கும் செடி. ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் அறுக்கலாம், மறுபடி மறுபடி துளிர்க்கும். சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் தானாக வளர்வதை மட்டும் பறித்து வராதீர்கள்.

4. மணத்தக்காளி: பழுத்த பழத்தைச் சாம்பலில் தேய்த்து உலர்த்தினால் விதை தயார். இரண்டு மாதத்துக்குள் இலை கிள்ள ஆரம்பிக்கலாம். வாய்ப்புண், வயிற்று எரிச்சலுக்கு நாங்கள் முதலில் சொல்லும் கீரை. பச்சைக் காயை மட்டும் அப்படியே தின்னக் கூடாது, சமைத்தோ வற்றல் போட்டோதான் சாப்பிட வேண்டும்.

5. கத்தரி: கீரைத் தோட்டம் கண்ணுக்கு நிறையாது, ஒரு காய் தொங்கினால்தான் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வரும். நாற்று வாங்கி, சாக்குக்கு ஒன்று நடுங்கள். இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம், பிறகு பல வாரம் காய்க்கும். நுனிக் குருத்து தலை சாய்ந்து வாடினால் உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிடுங்கள், செடி பிழைக்கும்.

வீட்டோரம் நாலடி மண் இருப்பவர்களுக்கு ஒரு முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடிமுருங்கை விதையில் வரும், ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இலை அதற்கு முன்பே கிடைக்கும்.

விதைக்கு எங்கே போவது? 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தது. இப்போது என்ன கிடைக்கிறது என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

மூன்றாம் படி: தண்ணீர்

செடியைக் கொல்வது பெரும்பாலும் தாகம் அல்ல, பாசம்! வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணில் எப்போதும் தண்ணீர் நின்றால் வேர் அழுகி, செடி வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம். கதை முடிந்தது.

அதனால் விரல் பரிசோதனை செய்யுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வடியும் வரை ஊற்றுங்கள். காலை நேரம் நல்லது.

அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். உப்புப் போட்டுச் சமைத்த நீர், சோப்பு நீர் வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு அதிகம், அதுவும் வேண்டாம். நம் ஊர் போர் தண்ணீர் சில தெருக்களில் கடினமானது, மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். அப்படி இருந்தால் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது உரம் போடுங்கள்.

வைத்தியராக ஒரு எச்சரிக்கை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, திறந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை எதிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவையுங்கள். கீரைக்காகப் போட்ட தோட்டம் காய்ச்சலைக் கொண்டு வரக் கூடாது அல்லவா?

பூச்சி வந்தால்

முதலில் கையால் பொறுக்குங்கள். மாவுப்பூச்சி, அசுவினி என்றால் வேகமான தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்த பிறகு சில நாள் விட்டு, நன்றாகக் கழுவித்தான் சமைக்க வேண்டும். கோமியம், சாணம் கலந்த கரைசல்களை இலை மேல் தெளிப்பவர்கள், அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

மண் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் கீறல், வெட்டு இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். மண் பட்ட காயத்துக்கு டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

கீரையை எப்படிச் சாப்பிட வேண்டும்?

தோட்டம் போட்டால் மட்டும் ரத்தம் ஊறாது. கீரையில் உள்ள இரும்புச் சத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். அந்தப் பகுதியைக் கூட்டுவது புளிப்பு. கீரையை இறக்கி வைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள், அல்லது கூட ஒரு நெல்லிக்காய் கடியுங்கள். இரும்பை விரட்டுவது டீ, காபி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவை வேண்டாம். நம் பக்கத்துத் தறி வீடுகளில் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருக்கிறது. அதை மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடியும்.

கீரையை முதலில் கழுவி, பிறகு நறுக்குங்கள். வெந்த நீரைக் கொட்டாதீர்கள். மதியச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், ராத்திரி வேண்டாம் என்பது எங்கள் சித்த மருத்துவ வழக்கம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், கீரையும் சேர்த்து ஒருவருக்குத் தினம் 400 கிராம் காய்கறி சொல்லியிருக்கிறது. ஐந்து சாக்கு அத்தனையும் தராது. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு சின்னக் குடும்பத்துக்கு வாரம் இரண்டு நாள் கீரை, அவ்வப்போது ஒரு கத்தரிக்காய்க் குழம்பு. மீதியைக் கடையில்தான் வாங்க வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாள்கூடக் கீரை இல்லாத வீட்டுக்கு இது பெரிய மாற்றம்.

சிலர் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் முளைக்கீரை, புளிச்சகீரை, பசலையைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீரையைக் கூட்டக் கூடாது. இதய வால்வு சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கீரை அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது.

அந்த அம்மா என்ன ஆனார்?

அவருக்கு அன்னபேதிச் செந்தூரமும் மாதுளை மணப்பாகும் கொடுத்தேன். கூடவே, ஆடி முடிவதற்குள் இரண்டே இரண்டு சாக்கு போடச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கட்டு முளைக்கீரையோடு வந்தார்.

“வந்துடுச்சு சார்! என் கையில வந்துடுச்சு!”

சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அடுத்ததாக ஒன்று சொன்னார் பாருங்கள். “அதான் வூட்லயே கீரை இருக்கேன்னு மருந்த நிறுத்திட்டேன் சார்.”

தூக்கிவாரிப் போட்டது! இந்தத் தப்பை நீங்கள் யாரும் செய்யாதீர்கள். 8 கிராமில் இருக்கும் ரத்தத்தை 12க்கு ஏற்றுவது மருந்தின் வேலை. ஏறியது இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் கீரையின் வேலை. செந்தூரமோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையோ, வைத்தியர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. செந்தூரத்தை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

அதோடு, ரத்தம் ஏன் குறைந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அம்மாவை விசாரித்தபோது மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போவது தெரிந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவரிடம் அனுப்பினேன். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, சிகிச்சை நடந்தது. ஓட்டைக் குடத்தில் எத்தனை கீரை போட்டு என்ன பயன்?

அடுத்த ஆடிக்கு அவர் ரத்தம் 11.6. இன்னும் 12 ஆகவில்லை, மருந்து தொடர்கிறது. ஆனால் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்த மகனோடு சேர்ந்து மலை ஏறினார். “ரெண்டே எடத்துலதான் குந்தினேன் சார்” என்றார். இப்போது அவர் வீட்டு வாசலில் ஐந்து சாக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பொன்னாங்கண்ணித் தண்டு கொடுத்திருக்கிறாராம். தறியை நிறுத்திவிட்டு எழுந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார், அவ்வளவுதான் வேலை.

இந்த வார வீட்டுப் பாடம்

ஐந்துகூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு அரிசிச் சாக்கு எடுத்து வையுங்கள். மண் கலவை போட்டு ஆறவிடுங்கள். ஆடியோ தையோ, பட்டம் வந்ததும் ஒன்றில் முளைக்கீரை விதையுங்கள். பத்து நாள் விட்டு அடுத்ததிலும் விதையுங்கள். அப்போதுதான் ஒரே நாளில் எல்லாம் முற்றிப் போகாமல் மாற்றி மாற்றிக் கிடைக்கும். முதல் கீரை கடைந்த பிறகு மூன்றாவது சாக்கைப் பற்றி யோசிக்கலாம்.

அதே வாரத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்களின் கீழ் இமையை வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாலோ, கீரை முளைக்கும் வரை காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.